காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே: டொரண்டோ நகரின் விலங்குகள்

கனடாவின் மிகப் பெரிய நகரமான டொரண்டோவில், வீட்டுத் தோட்டத்தின் தரையில் காகத்துக்குச் சோறு வைப்பது 2023ஆம் ஆண்டு முதல் நகராட்சி விதிகளுக்கு முரணானது. அதே நகராட்சி, ரக்கூன் என்ற காட்டு விலங்கு திறக்க இயலாத குப்பைத் தொட்டிகளுக்காக 3 கோடியே 10 லட்சம் கனடிய டாலர் செலவிட முடிவு செய்திருந்தது.

இந்த இரு செய்திகளும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன. எது காட்டு விலங்கு, எது வீட்டு விலங்கு என்பதே அந்தக் கேள்வி.

புலியும் நரியும் காட்டில், பசுவும் ஆடும் கோழியும் வீட்டில் என்பது தமிழ்ப் பள்ளிகளின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கப்படும் பாகுபாடு. டொரண்டோவில் இந்தப் பாகுபாடு பல இடங்களில் தலைகீழாக உள்ளது. உலகில் தமிழர்கள் மிகுதியாகக் குடியேறியுள்ள நகரங்களுள் ஒன்று என்பதால், இந்த மாற்றத்தை அறிந்திருப்பது பொழுதுபோக்குக்கு மட்டுமன்றி உடல்நலத்துக்கும் தேவையாகிறது.

பசுவுக்குத் தடை

டொரண்டோ நகராட்சியின் விலங்குகள் தொடர்பான சட்டம், வீட்டில் வைத்திருக்கக் கூடாத உயிரினங்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டுள்ளது. கரடி, புலி, குரங்கு, முதலை ஆகியவை அதில் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பசு, ஆடு, செம்மறி, பன்றி, கோழி ஆகியவையும் அதே பட்டியலில்தான் உள்ளன.

2018ஆம் ஆண்டில் நகரின் சில வட்டாரங்களில் வீட்டுக்கு நான்கு கோழிகள் வரை வளர்க்க ஒரு சோதனைத் திட்டத்தின் கீழ் அனுமதி வழங்கப்பட்டது. அப்போதும் சேவலுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

நகரத்துக் குழந்தைகள் பசுவையும் ஆட்டையும் பார்க்க விரும்பினால், ரிவர்டேல் பண்ணை என்ற இடத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அந்த இடத்தின் வரலாறு கவனத்துக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1974ஆம் ஆண்டு வரை அங்கே சிங்கம் உள்ளிட்ட விலங்குகளைக் கொண்ட மிருகக்காட்சிசாலை இயங்கி வந்தது. 1974 ஆகஸ்டில் ஸ்காபரோவில் 287 ஹெக்டேர் பரப்பில் புதிய டொரண்டோ மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டதை ஒட்டி, பழைய இடம் மூடப்பட்டது. 1978இல் அது நகராட்சிப் பண்ணையாக மறுபடியும் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் சிங்கத்தைக் காண மக்கள் திரண்ட இடத்தில், இன்று பசுவைக் காணத் திரள்கின்றனர்.

நகரத்துக்குள் காடு

பசு நகரை விட்டு வெளியேறிய அதே காலத்தில், காட்டு விலங்குகள் நகருக்குள் நிலைபெற்றன. இதற்கு நில அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

டொரண்டோவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு, ஆறுகளும் ஓடைகளும் அறுத்து உருவாக்கிய பள்ளத்தாக்குகளாகும். வெள்ள அபாயம் கருதி இவற்றில் பெரும்பாலும் வீடுகள் கட்டப்படுவதில்லை. 1954 அக்டோபரில் வீசிய ஹேசல் சூறாவளியின்போது ஆற்றோரக் குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டு, டொரண்டோ பகுதியில் 81 பேர் உயிரிழந்ததை அடுத்து இந்தக் கட்டுப்பாடு இறுகியது. மனித உயிர்களைக் காக்க எடுக்கப்பட்ட அந்த முடிவு, விலங்குகளுக்கு நகரின் நடுப்பகுதி வரை மரநிழல் கொண்ட வழித்தடங்களை விட்டுவைத்தது.

நகரின் கிழக்கே, தமிழர்கள் அதிகமாக வாழும் ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் ஒட்டி, ரூஜ் தேசிய நகரப் பூங்கா அமைந்துள்ளது. 2015இல் சட்டப்படி நிறுவப்பட்ட இது, கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்காவாகும். மான், பீவர், கயோட்டி எனப்படும் ஓநாயினக் காட்டு நாய் ஆகியவை இங்கே வாழ்கின்றன.

இவற்றுள் பீவருக்குக் கனடிய வரலாற்றில் தனி இடம் உண்டு. ஐரோப்பாவில் தொப்பிகள் செய்வதற்காக அதன் தோல் வேட்டையாடப்பட்டதே இந்நாட்டில் ஐரோப்பிய வணிகம் விரிந்ததற்கு முக்கியக் காரணம். கனடா மாகாணம் 1851இல் வெளியிட்ட முதல் அஞ்சல்தலை நியூயார்க்கில் அச்சிடப்பட்டது. அதில் இடம்பெற்றிருந்தது பீவரின் உருவமே. 1975இல் நாடாளுமன்றம் அதனைச் சட்டப்படி நாட்டின் சின்னமாக்கியது. அதன் முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதற்கு, பல்லின் மேற்பூச்சில் கலந்துள்ள இரும்பே காரணம். மரத்தை வெட்டும் வலிமையை அந்த இரும்பே பற்களுக்குக் கொடுக்கிறது.

குப்பைத் தொட்டி வளர்த்த விலங்கு

டொரண்டோவை உலகின் ரக்கூன் தலைநகர் என்று ஊடகங்கள் வர்ணிப்பதுண்டு. கண்களைச் சுற்றிக் கறுப்பு முகமூடி அணிந்தது போன்ற தோற்றமும், வளையங்கள் கொண்ட வாலும் உடைய இந்த விலங்கு, பெரிய பூனையை ஒத்த உடலமைப்பைக் கொண்டது. அதன் ஆங்கிலப் பெயர், வர்ஜீனியாப் பகுதிப் பூர்வகுடிகளின் பௌஹாட்டன் மொழியிலிருந்து வந்தது. கைகளால் தேய்ப்பது, சுரண்டுவது என்ற பொருளை அது தருகிறது.

பெயர் பொருத்தமானதே. ரக்கூனின் மூளையில் புலன்களுக்கான பகுதியின் பெரும்பங்கு தொடுவுணர்வுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கண்ணால் பார்க்காமலேயே முன்பாதங்களால் தடவி உணவை அடையாளம் காணும் ஆற்றல் அதற்கு உண்டு. பாதங்கள் நீரில் நனையும்போது அந்த உணர்வு மேலும் கூர்மையடைகிறது. ரக்கூன் உணவைக் கழுவி உண்ணும் என்ற நம்பிக்கை பரவியதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

சமையலறைக் கழிவுகளுக்கெனத் தனித் தொட்டிகளை நகராட்சி வழங்கியபோது, அவற்றின் மூடிகளைத் திறக்க ரக்கூன்கள் விரைவில் கற்றுக்கொண்டன. அதனால் 2016இலிருந்து சுழலும் கைப்பிடியும் பூட்டும் கொண்ட புதிய தொட்டிகள் வீடுதோறும் வழங்கப்பட்டன. குப்பை வண்டியின் இயந்திரக் கை தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது மூடி தானாகத் திறக்கும். 2018ஆம் ஆண்டில், தொட்டியைக் கீழே சாய்த்துக் கைப்பிடியைத் திருகித் திறந்த ரக்கூன் ஒன்று ஒளிப்பதிவில் சிக்கியது. ஆயினும் பெரும்பாலான ரக்கூன்களால் அது இயலவில்லை.

யோர்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சுசான் மக்டொனால்ட், டொரண்டோ ரக்கூன்களுக்கு இடங்காட்டும் கழுத்துப்பட்டைகளைப் பூட்டி ஆராய்ந்துள்ளார். அவை பெரிய சாலைகளைக் கடப்பதைத் தவிர்த்து, சாலைகளையே தங்கள் எல்லைகளாகக் கொண்டு வாழ்வதை அவரது ஆய்வு காட்டியது. நகரத்தின் வரைபடத்தை அவை தமது வரைபடமாக ஏற்றுக்கொண்டுள்ளன என்று இதனைக் கருதலாம்.

ரக்கூனை வீட்டு விலங்காக்கும் முயற்சி வேறொரு நாட்டில் நடந்தது. 1977இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ரக்கூன் குட்டி ஒன்றைப் பற்றிய கேலிச்சித்திரத் தொடர் புகழ்பெற்றதும், அங்கே ரக்கூன்கள் ஏராளமாக இறக்குமதி செய்யப்பட்டன. வளர்ந்த ரக்கூன் வீட்டுக்கு அடங்குவதில்லை என்பதை வாங்கியவர்கள் பின்னரே உணர்ந்தனர். தப்பியோடியும் கைவிடப்பட்டும் காடுகளில் பெருகிய அவை, இன்று ஜப்பானின் பயிர்களையும் பழைய ஆலயக் கட்டடங்களையும் சேதப்படுத்துகின்றன.

நீதிமன்றத்துக்குச் சென்ற குரங்கு

காட்டு விலங்குக்கும் வீட்டு விலங்குக்கும் இடையிலான எல்லையை ஒண்டாரியோ நீதிமன்றம் ஒன்றே வரையறுக்க நேர்ந்த நிகழ்வும் டொரண்டோவில் தொடங்கியது.

2012 டிசம்பர் 9ஆம் தேதி, நகரின் வடபகுதியில் உள்ள இக்கியா தளபாடக் கடையின் வாகன நிறுத்துமிடத்தில், சிறிய கம்பளி மேலங்கி அணிந்த குரங்குக் குட்டி ஒன்று அலைந்து திரிந்தது. டார்வின் என்று பெயரிடப்பட்டிருந்த அந்த ஜப்பானிய மக்காக் குரங்கு, வாகனத்துக்குள் வைக்கப்பட்டிருந்த கூட்டிலிருந்து தப்பி வந்திருந்தது. அதன் படங்கள் சில மணி நேரத்தில் உலகெங்கும் பரவின.

குரங்கு வளர்ப்பது நகரில் தடை செய்யப்பட்டிருந்ததால் வளர்த்தவருக்கு அபராதம் விதிக்கப்பட்டு, குரங்கு ஒரு சரணாலயத்துக்கு அனுப்பப்பட்டது. அதனைத் திரும்பப் பெற அவர் வழக்குத் தொடர்ந்தார். 2013 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது.

நாய் காணாமல் போனாலும் அது உரிமையாளரின் உடைமையே. காட்டு விலங்கின் நிலை வேறு. ஒருவர் கைவசம் உள்ளவரை மட்டுமே அது அவருடையது. தப்பிச் சென்றுவிட்டால் உரிமையும் சென்றுவிடுகிறது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் இந்தப் பழைய கோட்பாட்டை நீதிமன்றம் பின்பற்றியது. மேலங்கி அணிவதாலோ, மனிதருடன் உறங்குவதாலோ குரங்கு வீட்டு விலங்காகிவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தப்பியோடிய விலங்குகளின் கதை அத்துடன் முடியவில்லை. 2016 மே மாதத்தில் ஹை பார்க் பூங்காவின் சிறிய மிருகக்காட்சிசாலைக்கு வந்த இரு கபிபாராக்கள், வந்த அன்றே தப்பின. கொறிக்கும் விலங்குகளில் உலகிலேயே பெரியதான கபிபாரா, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பல வாரத் தேடலுக்குப் பின், ஜூன் மாதத்தில் இரண்டும் அடுத்தடுத்துப் பிடிபட்டன. மறு ஆண்டு அந்த இணைக்கு மூன்று குட்டிகள் பிறந்தன.

கறுப்பு அணில்

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வருபவர்களை முதலில் வியக்க வைப்பது பெரும்பாலும் அணில்தான். முதுகில் மூன்று கோடுகள் கொண்ட சிற்றணிலைக் கண்டு பழகியவர்கள், இங்கே அதனினும் பன்மடங்கு பெரிய, கரிய நிற அணிலைக் காண்கின்றனர்.

கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும் வெவ்வேறு இனங்கள் அல்ல. ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளே அவை; ஒரே ஈற்றில் இரு நிறக் குட்டிகளும் பிறக்கலாம். தெற்கு ஒண்டாரியோவில் கறுப்பு நிறம் மிகுந்து காணப்படுகிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இன்று ஓடித் திரியும் கறுப்பு அணில்களின் முன்னோர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒண்டாரியோவின் ரோண்டோ பூங்காவிலிருந்து அனுப்பப்பட்டவை.

பூனையும் கயோட்டியும்

டொரண்டோவில் தெருநாய் என்ற நிலை நடைமுறையில் இல்லை எனலாம். நாய்க்கும் பூனைக்கும் நகராட்சி உரிமம் பெறப்பட வேண்டும். பொது இடத்தில் நாயைப் பிடித்திருக்கும் வார் 2 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது.

எனினும் காட்டு உயிர்களுக்கு இந்நாட்டில் பெரும் இழப்பை ஏற்படுத்துவது வீட்டு விலங்கு ஒன்றுதான். கனடாவில் வளர்ப்புப் பூனைகளும் கைவிடப்பட்ட பூனைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் 10 கோடி முதல் 35 கோடி வரையிலான பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பறவைகள் கண்ணாடிச் சன்னல்களில் மோதி இறப்பது மற்றொரு பெரிய காரணம். 1993இல் டொரண்டோவில் தொடங்கப்பட்ட ஃபிளாப் என்ற அமைப்பு, உயர்ந்த கட்டடங்களின் கீழே விழுந்து கிடக்கும் வலசைப் பறவைகளைச் சேகரித்து, உயிருள்ளவற்றைக் காப்பாற்றி வருகிறது.

கயோட்டி இதற்கு மறுபக்கம். ஓநாய்கள் அழிக்கப்பட்டுக் காடுகள் வயல்களானபோது, மேற்குச் சமவெளிகளிலிருந்து கிழக்கே பரவிய விலங்கு அது. வழியில் எஞ்சியிருந்த ஓநாய்களுடன் கலந்ததால், ஒண்டாரியோவின் கயோட்டி மேற்கத்தியக் கயோட்டியைவிட உருவில் பெரியது. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், நகர மையத்தை ஒட்டிய லிபர்டி வில்லேஜ் பகுதியில் வளர்ப்பு நாய்களைக் கயோட்டிகள் தாக்கிய நிகழ்வுகள் பெரும் சர்ச்சையாயின. கயோட்டிகள் மனிதரிடம் அச்சத்தை இழப்பதற்கு, அவற்றுக்கு உணவளிப்பது ஒரு முக்கியக் காரணம் என்று நகராட்சி தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

பெயர் தரும் பிழையான பாடம்

ராபீஸ் நோயைத் தமிழில் வெறிநாய்க்கடி நோய் என்று அழைக்கிறோம். தெற்காசியாவைப் பொறுத்தவரை பெயர் சரியானதே. உலகில் மனிதருக்கு ஏற்படும் ராபீஸ் தொற்றுகளில் 99 விழுக்காடு வரை நாய்களால் வருபவை என்றும், இந்த நோயால் ஏற்படும் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்பவை என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆனால் ஒண்டாரியோவில் அந்தப் பெயர் தவறான பாதுகாப்புணர்வைத் தரக்கூடும். இங்கே அஞ்ச வேண்டியவை வௌவால், ரக்கூன், நரி, ஸ்கங்க் ஆகியவையே.

2005ஆம் ஆண்டோடு ஒண்டாரியோவிலிருந்து ஒழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ரக்கூன் ராபீஸ், 2015 டிசம்பரில் ஹாமில்ட்டன் நகரில் மீண்டும் தலைகாட்டியது. அது கண்டறியப்பட்ட விதம் விசித்திரமானது. நகராட்சியின் விலங்கு வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட இரு நாய்களும் நோயுற்ற ரக்கூன் ஒன்றும் சண்டையிட்டுக் கொண்டதை அடுத்து ரக்கூன் பரிசோதிக்கப்பட்டது. அதன் உடலில் இருந்த கிருமி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கிருமியுடன் நெருங்கிய தொடர்புடையது என்று பின்னர் தெரியவந்தது. அதற்குப் பின் தடுப்பு மருந்து பொதிந்த தீனித் துண்டுகள் பெரும் எண்ணிக்கையில் விமானத்திலிருந்தும் கைகளாலும் தூவப்பட்டன. காட்டு விலங்குகளுக்கு நகர எல்லைகளில் அரசே உணவிடும் அரிய தருணம் இது.

2024இல் ஒண்டாரியோவில் ஒரு குழந்தை ராபீஸ் நோயால் உயிரிழந்தது. குழந்தையின் அறைக்குள் வௌவால் ஒன்று காணப்பட்டது. ஆனால் கடித்த தடயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாகாணத்துக்குள்ளேயே தொற்றிய மனித ராபீஸ் 1967ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே பதிவானது அதுவே முதன்முறை. வௌவாலின் பற்கள் மிகச் சிறியவை என்பதால் கடி புலப்படாமல் போகலாம். ஆகவே வௌவாலுடன் நேரடித் தொடர்பு ஏற்பட்டிருந்தால், காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துகின்றனர். நோய்க்குறிகள் தோன்றிய பின் சிகிச்சை பெரும்பாலும் பலனளிப்பதில்லை. உரிய காலத்தில் போடப்படும் தடுப்பூசி ஏறத்தாழ எப்போதும் உயிரைக் காக்கிறது.

காகம் சொன்ன செய்தி

தமிழர் வீடுகளில் உண்ணும் முன் காகத்துக்குச் சோறு வைப்பது முன்னோரை நினைக்கும் வழக்கம். டொரண்டோவில் 2023 ஏப்ரல் முதல், பொது இடத்திலும் தனியார் நிலத்திலும் காட்டு விலங்குகளுக்கு உணவிடுவது தடை செய்யப்பட்டுள்ளது. புறாவுக்குத் தானியம் தூவுவதும் இதில் அடங்கும். தரையிலிருந்து உயரத்தில் தூய்மையாகப் பேணப்படும், பாட்டுப் பறவைகளுக்கான தீவனக் கூடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தரையில் வைக்கும் சோற்றுக்குக் காகத்துக்கு முன்பே எலியும் ரக்கூனும் வந்துவிடுகின்றன என்பதே தடைக்குக் கூறப்படும் நியாயம். உயிரியல் வகைப்பாட்டின்படி காகமும் பாட்டுப் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்ததே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

காகம் செய்தி கொண்டுவரும் என்ற நம்பிக்கைக்கு இந்நாட்டில் எதிர்பாராத ஒரு பொருள் கிடைத்தது. கொசுக்களால் பரவும் மேற்கு நைல் கிருமி, கனடாவில் முதலில் கண்டறியப்பட்டது 2001இல், தெற்கு ஒண்டாரியோவில் இறந்து கிடந்த பறவைகளில்தான். மறு ஆண்டு மனிதரிடமும் அந்த நோய் தோன்றியது. அமெரிக்கக் காகம் இந்தக் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் பறவை. ஆகவே இறந்த காகங்களைக் கணக்கிட்டே எந்தப் பகுதியில் ஆபத்து நெருங்குகிறது என்பதைச் சுகாதாரத் துறையினர் அறிந்தனர்.

எருக்கும் வண்ணத்துப்பூச்சியும்

இந்நகரின் உயிரினங்களில் பல வெளியிலிருந்து வந்தவை, அல்லது வந்து போகின்றவை. ஒண்டாரியோ ஏரிக்கே உரிய அட்லாண்டிக் சால்மன் மீன், அணைகளாலும் மிகையான மீன்பிடிப்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அற்றுப்போனது. 1960களின் பிற்பகுதியில் பசிபிக் கடலின் சினூக் சால்மன் ஏரியில் விடப்பட்டது. இன்று செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஹம்பர் ஆற்றிலும் ஸ்காபரோவின் ஹைலண்ட் ஓடையிலும் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளி ஏறுபவை பெரும்பாலும் அந்தக் குடியேறிகளின் வழித்தோன்றல்களே.

அதே இலையுதிர் காலத்தில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஏரிக்கரையில் கூடி, தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை எங்கே செல்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் டொரண்டோவின் ஃபிரெட் எர்க்கார்ட், நோரா எர்க்கார்ட் தம்பதியினர். ஃபிரெட், டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். பல பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்களின் துணையுடன் சிறகுகளில் சிறு காகித அடையாளங்களை ஒட்டி இருவரும் ஆராய்ந்தனர். 1975 ஜனவரியில் அவர்களது தன்னார்வலர்கள் மெக்சிகோவின் மலைக் காடுகளில் அவற்றின் குளிர்கால உறைவிடத்தைக் கண்டனர். தெற்கே செல்வது ஒரே தலைமுறை. திரும்பி வருவது அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

மொனார்க் புழுவின் ஒரே உணவு பாற்களைச் செடி. அது தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வேலியோரம் வளரும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தச் செடி ஒண்டாரியோவின் தீங்கான களைகளின் பட்டியலில் நீண்ட காலம் இருந்தது. வண்ணத்துப்பூச்சிகள் குறைந்து வருவதை உணர்ந்த மாகாண அரசு, 2014இல் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

களை என்று பிடுங்கப்பட்ட செடி இன்று தோட்டங்களில் நடப்படுகிறது. வீட்டு விலங்கான பசுவுக்கு அனுமதி இல்லை. காட்டு விலங்கான ரக்கூன் அனுமதி கேட்காமலே கூரையில் குடியிருக்கிறது. இந்த எல்லைகளை இயற்கை வகுக்கவில்லை. சட்டமும் பழக்கமும் மனிதர் வெளியே வைக்கும் உணவுமே அவற்றைத் தீர்மானிக்கின்றன. ஊர் மாறும்போது விலங்குகளுடனான உறவின் விதிகளும் மாறுகின்றன. புலம்பெயர்ந்தவர்கள் வீட்டு வாடகைச் சட்டத்தையும் சாலை விதியையும் அறிந்துகொள்வதைப் போலவே இவற்றையும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வௌவாலின் விடயத்தில் அந்த அறிவு ஓர் உயிரின் விலைக்குச் சமமானது.